சொகுசுக் கப்பலில் முதல் நாள்: ஒரு பயணியின் மதிப்பீடு

முழங்கால் வலியால் கைத்தடி ஊன்றி நடக்கும் என் அம்மாவுடன் ஏழு இரவுகள் ஒரு பெரிய சொகுசுக் கப்பலில் பயணம் செய்து திரும்பினேன். அந்தப் பயணத்தின் முதல் நாளை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். மற்ற நாட்களில் பயணிக்குக் கப்பல் பழகிவிடுகிறது. எங்கே எதற்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. எதுவும் தெரியாமல் ஏறுகிறவரை ஒரு கப்பல் எப்படி நடத்துகிறது என்பது முதல் நாளில்தான் வெளிப்படும். வயதானவர்களை அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு இது மற்ற எல்லா வசதிகளையும்விட முக்கியமானது என்று கருதுகிறேன்.

கப்பலின் ஊழியர்களுக்கும் அதுவே மிகக் கடினமான நாள். காலையில் முந்தைய பயணத்தின் ஆயிரக்கணக்கான பயணிகள் பெட்டிகளோடு இறங்க வேண்டும். அடுத்த சில மணி நேரத்துக்குள் எல்லா அறைகளும் துப்புரவு செய்யப்பட்டு, ஒரு வாரத்துக்கான உணவுப் பொருட்கள் ஏற்றப்பட்டு, புதிய பயணிகள் அனைவரும் ஏறி, மாலையில் கப்பல் புறப்பட்டாக வேண்டும். இதனால்தான் ஒவ்வொருவருக்கும் துறைமுகத்தின் பயணிகள் முனையத்துக்கு வர வேண்டிய நேரம் முன்கூட்டியே குறித்துத் தரப்படுகிறது. நாங்கள் குறித்த நேரத்துக்குச் சரியாகச் சென்றோம். ஆனாலும், சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று பல வாரங்களுக்கு முன்பே எழுதிக் கேட்டிருந்தும், முனையத்தில் இருந்த பட்டியலில் அம்மாவின் பெயர் இல்லை. நாற்பது நிமிடங்கள் காத்திருந்தோம். நாற்காலியைக் கொண்டுவந்த ஊழியர் மிகுந்த பொறுமையோடு எங்களைக் கப்பலின் வாசல்வரை கொண்டு சேர்த்தார். ஆயினும் எழுத்தில் பெற்ற கோரிக்கை உரிய இடத்துக்குப் போய்ச் சேராதது நிறுவனத்தின் குறைதான்.

ஏறிய உடனே அறை கிடைக்காது என்பதைப் புதிதாகச் செல்பவர்கள் அறிந்திருப்பது நல்லது. எங்களுக்குப் பிற்பகல் ஒன்றரை மணிக்குத்தான் அறை திறந்தது. முனையத்தில் ஒப்படைத்த பெட்டிகள் எக்ஸ்ரே சோதனைக்குப் பிறகு தனியாக ஏற்றப்பட்டு, அறை வாசலுக்கு மாலையிலோ இரவிலோ வந்து சேரும். ஆகவே மருந்துகள், கடவுச்சீட்டு, கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி, மின்னழுத்தப் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் போர்டு போன்றவை பெட்டியில் இருந்தால் பெரும்பாலான கப்பல்களில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். நடுக்கடலில் தீயைப் போல அஞ்சத்தக்கது வேறில்லை என்பதால் இந்தக் கண்டிப்பை நான் முழுமனதாக ஏற்கிறேன். எங்கள் பெட்டி விஷயத்தில் நடந்ததைத்தான் ஏற்க முடியவில்லை. அது வந்து சேர்ந்துவிட்டதாக ஐந்து மணிக்கே கைப்பேசிச் செயலி காட்டியது. பெட்டியோ வேறொரு தளத்தின் லிஃப்ட் அருகே நின்றிருந்து, பலமுறை கேட்ட பிறகு இரவு எட்டே முக்காலுக்கு வந்தது.

அறை திறக்கும்வரை ஏறக்குறைய எல்லோரும் மேல்தளத்து பஃபே கூடத்தையே நாடுகிறார்கள். அங்கே தட்டை ஏந்திக்கொண்டு இடம் தேடுவது கைத்தடியோடு வருகிறவரால் ஆகக்கூடியதல்ல. கீழ்த்தளத்தில் இருந்த பெரிய உணவரங்கமும் அதே நேரத்தில் திறந்திருந்தது. பாதி மேசைகள் காலியாக இருந்தன. இதைத் தற்செயலாக அறிந்துகொண்டோம். நடக்கச் சிரமப்படுகிறவர்களிடமாவது வாசலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கப்பலின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024-இல் பயணத்தைத் தொடங்கிய ‘ஐக்கான் ஆஃப் த சீஸ்’ என்ற கப்பல் ஏறத்தாழ 365 மீட்டர் நீளமும் 20 தளங்களும் கொண்டது. நாங்கள் சென்ற கப்பல் அதைவிடச் சிறியது என்றாலும், அறையிலிருந்து உணவரங்கத்துக்குப் போய்வருவதே அம்மாவுக்கு ஒரு முழு நடைப்பயிற்சியாக இருந்தது. விளம்பரங்களில் வரும் டன் கணக்கு எடையைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது கப்பலின் உள்கொள்ளளவிலிருந்து கணக்கிடப்படும் எண். அந்த எண்ணைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், ஒருவருக்கு எவ்வளவு இடம் என்பது ஓரளவு புலப்படும். விடை பெரிதாக இருந்தால் நெரிசல் குறைவாக இருக்கும் என எதிர்பார்க்கலாம். முன்பதிவின்போது நான் இதைப் பார்த்தேன். லிஃப்டுக்கு அருகில் அறை கேட்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிட்டேன்.

அந்த நாளில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது பாதுகாப்புப் பயிற்சி. டைட்டானிக் 1912-இல் மூழ்கியதைத் தொடர்ந்து, 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு ஒப்பந்தம் உருவானது. பிற்காலத்தில் அதன் வழிவந்த ஒப்பந்தத்தின்படி, பயணிகள் ஏறி 24 மணி நேரத்துக்குள் இந்தப் பயிற்சியை நடத்தினால் போதும் என்ற நிலை இருந்தது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு விதி திருத்தப்பட்டு, 2015 ஜனவரி முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்றானது. எனவே இதைச் சடங்காக நினைத்துத் தவிர்ப்பவர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

எங்கள் கப்பலில் எல்லோரையும் ஒரே நேரத்தில் திரட்டி நிற்கவைக்கவில்லை. மிதவை அங்கி அணியும் முறையை அறைத் தொலைக்காட்சியில் பார்த்து, ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஒலிகளையும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியையும் கொண்ட அபாயச் சங்கை ஒருமுறை கேட்டுவிட்டு, நமக்கு ஒதுக்கப்பட்ட கூடுமிடத்துக்குச் சென்று அட்டையைக் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நெடுநேரம் நிற்க இயலாத அம்மாவுக்கு இந்த முறை பெரிதும் உதவியது. அங்கிருந்த இளம் ஊழியர் அம்மாவின் கைத்தடியைக் கவனித்துத் தாமாகவே அறை எண்ணைக் குறித்துக்கொண்டார். ஆபத்து நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும், படிகளில் இறக்கும் நாற்காலியோடு ஆட்கள் அறைக்கே வருவார்கள் என்பதையும் நிதானமாக விளக்கினார். முனையத்தில் தவறிப்போன அக்கறை இங்கே கிடைத்தது. இந்த ஒன்றுக்காகவே என் மதிப்பீடு உயர்ந்துவிட்டது.

புறப்பாட்டை முன்பக்கத் திறந்த தளத்திலிருந்து பார்த்தோம். இழுவைப் படகு எதுவும் இல்லாமலேயே அத்தனை பெரிய கப்பல் துறையைவிட்டுப் பக்கவாட்டில் விலகியது. அணியம் எனப்படும் கப்பலின் முன்முனையின் அடியில், குறுக்குச் சுரங்கம் போன்ற குழாய்களுக்குள் சுழலும் விசிறிகள் முன்பகுதியைத் தள்ளுகின்றன. பின்புறம் எந்தத் திசைக்கும் திரும்பக்கூடிய உந்திகள் அதற்கு ஈடுகொடுக்கின்றன. துறைமுக எல்லை தாண்டியதும், அதுவரை கப்பலுக்கு வழிகாட்டிய துறைமுக அதிகாரி கீழ்த்தளக் கதவிலிருந்து கயிற்றேணி வழியாக, ஓடிக்கொண்டிருந்த சிறு படகில் இறங்கிச் சென்றதை அம்மா கண் இமைக்காமல் பார்த்தார். அந்த ஒரு காட்சிக்காகவே புறப்படும் நேரத்தில் அறைக்குள் இருக்காதீர்கள் என்று சொல்வேன்.

மாலையில் பானத் தொகுப்பு, ஸ்பா சலுகை, புகைப்படத் தொகுப்பு என்று வழியெங்கும் நிறுத்தி விற்றது களைப்பூட்டியது. முதல் நாளில் இதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியைப் புறப்பட்டதுமே விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். கப்பலின் சொந்த அலைவரிசையோடு அது தானாக இணைந்துவிட்டால் வரும் கட்டணம் கடுமையானது. கப்பலின் ஆட்டம் எனக்கு ஏறக்குறையத் தெரியவில்லை. நீருக்கடியில் இறக்கைகளைப் போல நீளும் நிலைநிறுத்திகள் பக்கவாட்டு அசைவை நன்றாகத் தணிக்கின்றன.

இரவு உணவு முடிந்து அறைக்குத் திரும்பியபோது, ஒரே மாதிரியான கதவுகள் கொண்ட நீண்ட நடைக்கூடத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று நான் திகைத்து நின்றேன். தரைவிரிப்பில் நெய்திருந்த மீன்களை அம்மா கைத்தடியால் சுட்டிக்காட்டினார். “இதுங்க எல்லாம் கப்பல் போற பக்கமாத்தான் நீந்துது, மதியமே கவனிச்சேன். நம்ம ரூமும் அந்தப் பக்கம்தான்” என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் மெதுவாக நடக்கத் தொடங்கினார். அறைக்கதவின் முன், எங்கள் பெட்டி நின்றுகொண்டிருந்தது.