பேராமையும் பெரிய ஸ்கேட்டும்: முட்டையிலேயே தெரியும் வித்தியாசம்

இரண்டும் கடலில்தான் வாழ்கின்றன, இரண்டும் முட்டை போடுகின்றன. பச்சை ஆமை என்னும் பேராமை ஊர்வன இனம். நுரையீரலால் மூச்சுவிடுவதால் அவ்வப்போது மேலே வந்தே ஆகவேண்டும். பசிபிக்கின் வட அமெரிக்கக் கரையோரம் வாழும் பெரிய ஸ்கேட், திருக்கைக்கு உறவான குருத்தெலும்பு மீன். மணலில் புதைந்து கிடந்தபடியே, கண்ணுக்குப் பின்னாலுள்ள துளைகள் வழியாக நீரை உள்ளே இழுத்துச் சுவாசிக்கும். வாலில் விஷமுள் கிடையாது.

சரி, முட்டைக்கு வருவோம். சுவாரசியமே அங்கேதான். பேராமை இரவில் கரையேறி, பின்துடுப்பால் குழி தோண்டி சுமார் நூறு முட்டை இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். மணல் சூடாக இருந்தால் பெண், குளிர்ந்திருந்தால் ஆண். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதிக் கரைகளில் பிறந்த இளம் ஆமைகளில் சுமார் 99 சதவீதம் பெண்கள் என்று 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது.

ஸ்கேட் கடலடியிலேயே முட்டைப்பை இடும். நான்கு மூலையிலும் கொம்பு வைத்த, தோல் பர்ஸ் மாதிரியான பை. பெரும்பாலான மற்ற ஸ்கேட்டுகளில் பைக்கு ஒரு குஞ்சுதான். இதில் ஏழு வரை இருக்கும். உள்ளே இருக்கும் குஞ்சு, வாலை ஆட்டி ஆட்டிப் புது நீரைத் தானே வரவழைத்துக்கொள்கிறது! வெளியே வரப் பல மாதங்கள் ஆகும். ஆமைக்குஞ்சுக்கு ஏறக்குறைய இரண்டே மாதம்.

சாப்பாடு? வளர்ந்த பேராமைக்குக் கடற்புல்லும் பாசியும். ஸ்கேட்டுக்கு நண்டு, இறால், சின்ன மீன்.

அழகுக்குப் பேராமை. ஆனால் முட்டை நுட்பத்தில் என் ஓட்டு ஸ்கேட்டுக்கே.