ஒன்பது வருடமாக ஒரே எச்பிஎல்சி மிஷினோடு

திருப்பூரில் எங்கள் ரத்தப் பரிசோதனை லேபுக்கு, கலவையில் இருப்பதைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி மிஷின் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. 'மூணு மாச சுகர்' என்று எல்லோரும் கேட்கும் எச்பிஏ1சி பார்க்கத்தான் வாங்கினார்கள். அதற்கு முன் இருந்தது ஆன்டிபாடி வைத்து அளக்கும் இம்யூனோஅஸே மிஷின். அது எண்ணைக் கொடுக்கும், அதோடு சரி. இது எண்ணோடு ஒரு கிராஃபும் கொடுக்கிறது. கிராஃபைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ரிப்போர்ட்டில் ஏற்றுகிறவர்களுக்கு இந்த மிஷின் தண்டச்செலவு.

வேலை செய்யும் விதம் எளிமைதான். மெல்லிய குழாய்க்குள் எதிர்மின்னூட்டம் உள்ள மணிகளை அடைத்திருப்பார்கள். கரைத்த ரத்தத்தை பஃபர் என்ற உப்புக் கரைசலோடு அழுத்தித் தள்ளினால் ஹீமோகுளோபின் அந்த மணிகளில் ஒட்டிக்கொள்ளும். ஹீமோகுளோபினின் பீட்டா என்ற புரதச் சங்கிலியின் முனையில் குளுக்கோஸ் ஏறிவிட்டால் நேர்மின்னூட்டம் கொஞ்சம் குறைந்து, பிடிப்பும் தளரும். அதனால் குளுக்கோஸ் ஏறிய அந்த ஏ1சி முதலில் கழன்று வந்துவிடும். உப்புச் செறிவு ஏற ஏற ஏ0, ஏ2, எஸ் என்று மற்ற ஹீமோகுளோபின் வகைகள் ஒவ்வொன்றாக இறங்கும். 415 நானோமீட்டர் ஒளியில் ஒவ்வொன்றும் கிராஃபில் ஒரு பீக், அதாவது முகடு.

அந்தக் குழாய்க்குப் பெயர் காலம் (column). ரிஜிஸ்டரில் தமிழில்தான் எழுதுவோம். 'காலம் முடிந்துவிட்டது' என்ற வரியைப் பார்த்து, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி யாருக்கு என்று பதறிவிட்டாள். செலவும் அதில்தான். பெட்டியில் போட்டிருக்கும் டெஸ்ட் எண்ணிக்கைக்கு முன்பே எங்களுக்குச் சில காலங்கள் போயிருக்கின்றன. பிரஷர் ஏறும், பீக் அகலமாகும். உடனே காலத்தைக் கழற்றாதீர்கள். முதலில் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

வெயில் காலத்தில் வேறு தொல்லை. கலெக்‌ஷன் சென்டரில் எடுத்த பர்பிள் மூடி டியூப் ஐஸ் இல்லாமல் பஸ்ஸில் வந்து சேரும். கிராஃபில் ஏ0வுக்கு முன்னால் பி3 பீக் தூக்கிக்கொண்டு நின்றால் சாம்பிள் பழசு என்று அர்த்தம். திரும்ப எடுக்கச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

இந்த மிஷின்மேல் எனக்கு மரியாதை வந்தது மூன்றாவது வருடத்தில். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அசாம்காரப் பெண், மாசமாக இருந்தாள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டைப் பார்க்கும் மோடில் ஓட்டினேன். ஏ2 28 சதவீதம். மூன்றரையைத் தாண்டினாலே பீட்டா தலசீமியா கேரியராக (குறையைப் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவராக) இருக்கலாம் என்று படித்திருந்தேன். அப்படியே டைப் செய்தேன். பின்னால் நின்ற சீனியர் அக்கா, "ஏனுங்க தம்பி, ஏ2 எங்கயாச்சும் இருபத்தெட்டு போகுமுங்களா?" என்றார். கேரியர்களுக்கு வழக்கமாக ஏழு, எட்டுக்குள் நின்றுவிடும். பத்தைத் தாண்டினால் ஹீமோகுளோபின் ஈ என்ற பரம்பரை மாற்று வகையைச் சந்தேகிக்க வேண்டும்; இந்த முறையில் ஈயும் ஏ2வும் ஒரே இடத்தில்தான் இறங்கும். வடகிழக்கிலும் வங்காளத்திலும் ஈ நிறைய உண்டு. ரிப்போர்ட்டை மாற்றி, கணவரையும் சோதிக்கச் சொல்லி எழுதினோம். ஈ ஒருவரிடமும் பீட்டா தலசீமியா இன்னொருவரிடமும் இருந்தால், பிள்ளைக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டிய நோய் வரக்கூடும்.

நீலகிரிப் பக்கத்து சாம்பிள்களில் அரிவாள் செல் நோய்க்குரிய எஸ் பீக்கும் வரும். இந்தியாவில் அரிவாள் செல்லை முதலில் பதிவு செய்ததே அந்த மலையில்தான், 1952-ல்.

மிஷினால் முடியாததையும் சொல்ல வேண்டும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற கணக்கில்தான் ஏ1சிக்கே அர்த்தம். அணுக்கள் சீக்கிரம் உடைகிறவருக்குச் சர்க்கரை 250 இருந்தும் ஏ1சி ஐந்தரை காட்டும்; இரும்புச்சத்து குறைந்தவருக்குக் கூட்டிக் காட்டும். கிராஃப் என்னவோ அழகாகத்தான் இருக்கும். அங்கே டாக்டருக்கு ஒரு போன் போடுவதைத் தவிர வழியில்லை.

ஹைதராபாத்தில் மருந்துக் கம்பெனி க்யூசியில், அதாவது தரச் சோதனைப் பிரிவில் இருக்கும் நண்பனும் நாள் முழுக்க எச்பிஎல்சிதான் ஓட்டுகிறான். அவன் மாத்திரையைக் கரைத்து, மருந்தின் பெரிய பீக்குக்குப் பக்கத்தில் 0.1 சதவீதக் கசடு தெரிகிறதா என்று தேடுகிறான். எங்கள் கிராஃபை அனுப்பினால், "இதெல்லாம் ஒரு பேஸ்லைனா?" என்று கிராஃபின் அடிக்கோட்டைப் பார்த்துச் சிரிப்பான்.

தினம் பத்துப் பதினைந்து ஏ1சி மட்டும் பார்க்கும் லேபுக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன்; காலமும் பஃபரும் கட்டுப்படியாகாது. கர்ப்பிணிகளின் தலசீமியா ஸ்க்ரீனிங் வருகிற இடமென்றால் தயங்க வேண்டாம். நாங்கள் அடுத்து, மின்சாரத்தால் பிரிக்கும் கேபிலரி எலக்ட்ரோஃபோரிசிஸ் மிஷின் கேட்டிருக்கிறோம். அதில் ஈ தனி, ஏ2 தனி. கொட்டேஷன் முதலாளி மேஜையில் இரண்டு மாதமாகக் கிடக்கிறது.