ஒடுக்கமான பார் லைட்டை அகலமாக்க எது நல்லது?

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து மண்டபங்களில் அரங்கேற்றத்துக்கு லைட் போடுகிறவர்களுக்கு இந்தத் தலையிடி நன்றாகத் தெரியும். வாடகைக்கு வரும் எல்.ஈ.டி. பார் (PAR) லைட்டுகளில், அதாவது வட்டமாகக் கதிர் விழுத்தும் மேடை லைட்டுகளில், 25 பாகை லென்ஸ் சாதாரணம். ஆறு மீற்றர் தூரத்தில் அதன் வட்டம் 2.7 மீற்றர்கூட வராது. பிள்ளை அடவோடு பக்கவாட்டில் நகர, முகம் இருட்டுக்குள் போய் அடுத்த வட்டத்தில் திரும்பி வரும்.

ஸ்டாண்டைப் பின்னுக்குத் தள்ளலாம், செலவில்லை. ஆனால் தூரம் இரட்டித்தால் வெளிச்சம் காற்பங்காகிவிடும். உயரத்தைக் கூட்டாமல் தள்ளினால் கோணம் தாழ்ந்து, ஆடுபவரின் நிழல் பின்திரையில் ஏறி நிற்கும். கதிரைகளுக்கு நடுவே ஸ்டாண்ட் வைக்க மண்டபக்காரர் விடுவாரா என்பது வேறு கதை.

லென்ஸையே 40 பாகைக்கு மாற்றினால் அதே தூரத்தில் 4.4 மீற்றர் கிடைக்கும், வெளிச்சமும் சீராக இருக்கும். சொந்த லைட் என்றால் யோசிக்கலாம். வாடகைக்கு எடுத்ததைக் கழற்ற யார் சம்மதிப்பார்கள்? அதோடு வட்டம் எல்லாப் பக்கமும் விரிவதால் பரப்பு 2.7 மடங்காகிறது. பிரகாசம் மூன்றிலொன்றுக்குச் சற்று மேலே நிற்கும். நமக்குத் தேவை பக்கவாட்டு அகலம். மேலும் கீழும் விரிவது முகட்டுக்கும் முன்வரிசைக்கும்தான் போகும்.

வெளிச்சத்தைப் பரப்பும் ஃப்ரொஸ்ட் தாள் மலிவு, வெட்டி லைட்டின் முகப்பில் உள்ள ஜெல் ஃபிரேமில் (நிறத்தாள் செருகும் சட்டம்) செருகினால் போதும். லீ (Lee) கம்பனித் தாள்களில் 251 மென்மையானது, ஓரத்தை மட்டும் கரைக்கும். லீ 216 நன்றாகவே விரிக்கும், ஆனால் வெளிச்சத்தைப் பெருமளவு விழுங்கி, மிச்சத்தை நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம் எல்லார் மீதும் இறைக்கும். எல்.ஈ.டி.யில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி நிழலாக விழுவதை இந்தத் தாள் கலந்துவிடும் என்பது உண்மையான இலாபம். ஆனால் தாள் இல்லையென்று சூடேறும் பழைய 1000 வற் பல்ப் லைட்டான பார் 64 முன்னால் ட்ரேசிங் பேப்பர் ஒட்ட வேண்டாம், பற்றிக்கொள்ளும்.

என் தெரிவு ஒரு திசையில் மட்டும் விரிக்கும் ஹோலோகிராஃபிக் ஃபில்ம். 25 பாகைக் கதிருக்கு முன்னால் 30 பாகை ஃபில்ம் வைத்தால் கிடையாக ஏறத்தாழ 39 பாகை வரும். இரண்டையும் நேரே கூட்டக்கூடாது, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 40 பாகை லென்ஸ் தரும் அகலம் ஏறத்தாழ வந்துவிடும். உயரம் கிட்டத்தட்ட அப்படியே இருப்பதால் பிரகாசமோ அறுபது வீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும், ஃபில்ம் விழுங்குவது கொஞ்சம்தான். விலை ஃப்ரொஸ்டைவிடக் கூட. கட்டுப்படியாகாவிட்டால் லீ 228 இதே வேலையைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்யும். இந்த இரண்டில் எதைப் போட்டாலும் தாளைத் தொண்ணூறு பாகை திருப்பிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். பிழையாக வைத்தால் வெளிச்சம் நெட்டுக்கு ஓடும்.

உங்களிடம் இருப்பது பழைய பார் 64 என்றால் முதலில் பல்பை மாற்றிப் பாருங்கள். ஒடுக்கமான சிபி 61 பல்பை எடுத்துவிட்டு சிபி 62 போட்டால் கதிர் சுமார் 11க்கு 24 பாகை நீள்வட்டமாக வரும். பின்னால் கைவிட்டுப் பல்பைத் திருப்பினால் அந்த நீள்வட்டம் கிடையாகப் படுத்துவிடும், ஆனால் அகலம் அந்த 25 பாகை லென்ஸைத் தாண்டாது.

அப்புறம், இதெல்லாம் முன்பக்க லைட்டுக்கு மட்டும். மேடையோரத்து நடராஜருக்கு வைத்த பாரில் எதையும் ஒட்டாதீர்கள், அது ஒடுக்கமாக இருந்தால்தான் சரி.