சிவஞானபோதமா, திருவருட்பயனா: முதலில் எதைப் படிப்பது?

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வேலை முடிந்து மாலையில் சைவ சித்தாந்தம் பயில விரும்புவோர் பலர், அதன் அடிப்படை நூல்களான மெய்கண்ட சாத்திரங்கள் 14-இல் எதைக் கொண்டு தொடங்குவது என்று தயங்குவதுண்டு. தலைமை நூல் என்ற மதிப்பினால் பெரும்பாலோர் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தையே கையில் எடுக்கிறார்கள். அதன் 12 சூத்திரங்களும் மிகச் சுருங்கியவை. 'அவன் அவள் அது' என்று தொடங்கும் முதற் சூத்திரமே, தோன்றி நின்று அழியும் உலகைக் காட்டி அதற்கொரு கருத்தா, அதாவது இறைவன், உண்டென நிறுவுகிறது. அளவை (தருக்க) நூற் பயிற்சி இல்லாதவருக்கு உரையாசிரியரின் துணையின்றி அது பிடிபடாது.

உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயன் 10 அதிகாரங்களில் 100 குறள் வெண்பாக்களாக அமைந்தது. திருக்குறள் ஓதிப் பழகிய செவிக்கு அதன் ஓசை அந்நியமன்று. எளிமையான நூல் என்று அதை ஒதுக்குவது தவறு.

'ஒருபொருளும் காட்டா திருள்உருவம் காட்டும்
இருபொருளும் காட்டா திது'

என்னும் குறளில், இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னையேனும் காட்டிவிடுகிறது, உயிரின் அறிவை மறைக்கும் ஆணவமலமோ தன்னையும் காட்டுவதில்லை என்ற நுட்பம் இரண்டே அடிகளில் அடங்கியிருக்கிறது. ஆணவத்தைப் பற்றி இவ்வளவு கூர்மையாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

பிற சமயக் கொள்கையினரான பரபக்கத்தாரோடு வாதிட விரும்புவோருக்குச் சிவஞானபோதமே தகும். மற்றவர்கள் திருவருட்பயனை முதலில் மனனம் செய்துகொண்டு, பின்னர் நல்லாசிரியர் ஒருவரிடம் போதத்தைப் பாடம் கேட்கலாம்.