பிரின்ட்டா, டீபகரா? பிழை தேடும் வழிகள்: ஓர் ஒப்பீடு

நிரல் எழுதுகிறவர்கள் நால்வர் கூடிய இடத்தில் சண்டை மூட்ட வேண்டுமானால் இரண்டு கேள்விகள் போதும். வரியை உள்தள்ள டேப் அழுத்துவதா, ஸ்பேஸ் அழுத்துவதா என்பது ஒன்று. பிழையைக் கண்டுபிடிக்க பிரின்ட் போட்டு மதிப்புகளை அச்சிட்டுப் பார்ப்பதா, நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபகரைத் திறப்பதா என்பது மற்றொன்று. முதல் சண்டை வெறும் ருசி பற்றியது; யார் வென்றாலும் நிரல் ஓடும். இரண்டாவதில் விடை உண்டு. ஆனால் பிழைக்குப் பிழை அது மாறும்.

எந்தக் கருவியை எடுப்பது என்று முடிவு செய்ய நான் பார்ப்பவை இரண்டே. அந்தப் பிழையை மறுபடி ஒருமுறை வரவழைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? உற்றுப் பார்த்தால் அது ஒளிந்துகொள்ளுமா? மொழி எது, விண்டோஸ் செயலியா இணையதளமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிரின்ட்

பிரின்ட்டை ஏளனமாகப் பேசுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. கல்லூரியோடு விட்டுவிட வேண்டிய பழக்கம் என்பார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. டீபகர் ஒரு கணத்தைக் காட்டுகிறது. பிரின்ட் காலவரிசையைக் காட்டுகிறது. ஒரு லூப் 200 முறை ஓடி 137-வது சுற்றில் தொகை பிசகுகிறது என்றால், 200 வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் கண்ணை ஓட்டினால் போதும், பிசகிய இடம் தானே தெரியும். டீபகரில் அதே வேலைக்கு நிபந்தனையோடு கூடிய பிரேக்பாயின்ட் (நிரல் நிற்க வேண்டிய இடத்தின் குறி) வைக்க வேண்டும். நிபந்தனை எழுத, எது பிசகுகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் தேடலே வேண்டாமே!

இணையப் பக்கங்களில் பிரின்ட்டுக்கு இன்னொரு வலு உண்டு. ஊர்ப் பெயர் தேடும் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பயனர் ‘மது’ என்று தட்டியவுடன் சர்வருக்கு ஒரு கேள்வி போகிறது. ‘மதுரை’ என்று முடித்ததும் இன்னொன்று போகிறது. ‘மது’வுக்கு விடைகள் அதிகம் என்பதால் சர்வர் அதைத் திரட்ட நேரம் எடுக்கிறது. ‘மதுரை’க்கான விடை முதலில் வந்து திரையில் நிற்கிறது. பிறகு ‘மது’வின் விடை மெதுவாக வந்து அதன் மேல் எழுதிவிடுகிறது. பெட்டியில் மதுரை, பட்டியலில் மதுராந்தகம். இதைப் பிடிக்க பிரேக்பாயின்ட் வைத்தால் என்ன ஆகும்? முதல் கேள்வி போன இடத்தில் நிரல் நிற்கிறது. நீங்கள் மாறிகளை நிதானமாகப் பார்க்கிறீர்கள். அதற்குள் முதல் விடை வந்து காத்திருக்கிறது. தொடரச் சொன்னதும் எல்லாம் ஒழுங்கான வரிசையில் நடக்கிறது. பிழை இல்லை! எட்டு நாள் தேடினாலும் இருக்காது. கேள்வி போகும்போது ஒரு கன்சோல்.லாக் (ஜாவாஸ்கிரிப்டின் பிரின்ட்), விடை வரும்போது ஒன்று, இரண்டிலும் நேரமுத்திரை. நான்கே வரிகளில் குட்டு வெளிப்படும். பிரவுசரின் நெட்வொர்க் பலகத்திலும் இதே காட்சி பட்டைகளாகத் தெரியும். இணைப்பின் வேகத்தை அங்கேயே வேண்டுமென்று குறைத்தால், எப்போதாவது தலைகாட்டும் பிழையை அடிக்கடி வரவழைக்கவும் முடியும். புதுக் கேள்வி கிளம்பும்போது அபார்ட்கன்ட்ரோலர் கொண்டு பழையதை ரத்து செய்வது இதற்கான மருந்து.

ஆனால் பிரின்ட் பொய்யும் சொல்லும். அதன் பொய்களைத் தெரிந்துவைத்திருக்காதவர்தான் அதைப் பயன்படுத்தத் தகுதியற்றவர்.

சி நிரலில் பிரின்ட்எஃப் போட்டவுடன் எழுத்து வெளியே போய்விடுவதில்லை. டெர்மினலில் என்றால் வரி முடிந்ததும் போகும். கோப்புக்கோ பைப்புக்கோ திருப்பிவிட்டிருந்தால் பஃபர் எனும் தற்காலிக நினைவிடம் நிறையும் வரை உள்ளேயே தங்கும். அந்த நேரத்தில் நிரல் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழுந்தால் பஃபரும் கூடவே போய்விடும். கடைசியாகத் தெரிந்த வரிக்குப் பிறகுதான் விழுந்தது என்று நம்பி, குற்றமற்ற ஃபங்ஷனை நாள் முழுக்கக் குடைந்துகொண்டிருப்பீர்கள். பஃபர் இல்லாத ஸ்டான்டர்ட் எரருக்கு எழுதுவது, அல்லது ஒவ்வொரு முறையும் ஃபிளஷ் செய்வது (பஃபரை உடனே வெளியே தள்ளுவது) நல்லது.

ஜாவாஸ்கிரிப்டின் பொய் வேறு விதம். கன்சோலில் ஓர் ஆப்ஜெக்டை அச்சிட்டுவிட்டுச் சற்று நேரம் கழித்து அதன் முக்கோணத்தைச் சொடுக்கி விரித்தால், தெரிவது அச்சிட்ட நேரத்து மதிப்பல்ல. விரித்த நேரத்து மதிப்பு. நடுவில் வேறொரு வரி அதை மாற்றியிருந்தால், பிழை நடக்கும் முன்பே மதிப்பு தவறாக இருந்ததுபோலத் தோன்றும். ஜேசான் எழுத்தாக மாற்றி அச்சிட்டால் அந்த நேரத்து உண்மை அப்படியே நிற்கும்.

பிஹெச்பியிலோ பிரின்ட்டே புதுப் பிழையைப் பெற்றெடுக்கும். பக்கத்துக்கு முன்னால் போக வேண்டிய குறிப்புகளான ஹெடர்களை அனுப்பும் முன் ஓர் எக்கோ (பிஹெச்பியின் பிரின்ட்) போட்டால், ஹெடர்கள் ஏற்கெனவே போய்விட்டன என்று எச்சரிக்கை வரும். லாகின் வேலை செய்யாமல் போகும். எக்கோவே போடாதபோதும் அந்த எச்சரிக்கை வருகிறதா? கோப்பின் தலையில் எடிட்டர் கண்ணுக்குத் தெரியாமல் சேர்த்த பைட் ஆர்டர் மார்க் இருக்கிறதா என்று பாருங்கள்.

டீபகர்

இன்னொருவர் எழுதிய நிரலுக்குள் இறங்கும்போது டீபகருக்கு ஈடு இல்லை. எங்கே பிரின்ட் போடுவது என்றே தெரியாத இடம் அது. விதிவிலக்கு (எக்ஸெப்ஷன், அதாவது ஓடும்போது எழும் பிழை) எழும்போது நில் என்று ஒரு தேர்வைக் குறித்துவிட்டால், விழுகிற அந்த வரியிலேயே நிரல் நிற்கும்; யார் யாரைக் கூப்பிட்டு இங்கே வந்தோம் என்ற அடுக்கு முழுவதும் பக்கத்தில் இருக்கும். இணையப் பக்கத்தில் ஒரு பட்டன் தானாக மறைகிறது, எந்த நூலகம் (பிறர் எழுதிய ஆயத்த நிரல்) மறைக்கிறது என்று தெரியவில்லை என்றால், குரோம் பிரவுசருக்குள் இருக்கும் டெவ்டூல்ஸில் அந்த உறுப்பின் மீதே பிரேக்பாயின்ட் வைக்கலாம்; அதன் பண்பு மாறுகிற நொடியில் மாற்றிய வரி அகப்பட்டுவிடும். பிரின்ட்டால் இதைச் செய்யவே முடியாது. 2006-ல் ஃபயர்ஃபாக்ஸுக்கு ஃபயர்பக் வந்து பிரவுசருக்குள்ளேயே இந்த வசதிகளைக் கொண்டுவரும் வரை, ஜாவாஸ்கிரிப்ட் எழுதியவர்கள் பெரும்பாலும் அலர்ட் பெட்டியைத்தான் நம்பியிருந்தார்கள். அந்தக் காலம் திரும்ப வேண்டாம்.

டெஸ்க்டாப் பக்கம் வந்தால் கணக்கு இன்னும் டீபகருக்குச் சாதகம். பெரிய சி++ திட்டத்தில் ஒரு பிரின்ட் சேர்த்தால் மறுபடி கம்பைல் ஆக நிமிடக்கணக்கில் ஆகும். பல கோப்புகள் பகிரும் பொது ஹெடர் கோப்பில் கை வைத்தால் தேநீர் குடித்துவிட்டே வரலாம். பிறகு செயலியைத் திறந்து, லாகின் செய்து, ஆறு திரை தாண்டி அந்தப் பட்டனை அழுத்த வேண்டும். ஒருமுறை அந்த இடத்தை அடைய ஐந்து நிமிடம் ஆகிறதென்றால், அடைந்த பிறகு கேட்க நினைப்பதையெல்லாம் அங்கேயே கேட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் டீபகர் பொருத்தியிருக்கும்போது ஓடுவதும் தனியே ஓடுவதும் ஒரே நிரல் அல்ல. இதற்கு, விண்டோஸ் செயலிகளுக்குத் திரை அமைக்க உதவும் டாட்நெட் வின்ஃபார்ம்ஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. திரையில் உள்ள ஒரு கன்ட்ரோலை (பட்டன், லேபிள் போன்ற உறுப்பை) அதை உருவாக்கிய திரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் வேலைத்தொடர்) மட்டுமே தொட வேண்டும் என்பது விதி. பின்னணித் திரெட் ஒன்று நேராகப் போய் லேபிளின் எழுத்தை மாற்றினால், விஷுவல் ஸ்டுடியோவில் உடனே விதிவிலக்கு எழுந்து நிற்கும். அதே நிரலை வாடிக்கையாளர் கணினியில் ஓட்டினால் பெரும்பாலும் சத்தமே இருக்காது. இந்தச் சோதனையை நடத்துவதா என்ற தேர்வின் இயல்பு மதிப்பே, டீபகர் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதுதான். ‘என் கணினியில் பிழை, அவர் கணினியில் சரி’ என்ற தலைகீழ்ப் புகார் இப்படித்தான் பிறக்கிறது. அவர் கணினியில் சரி என்பதும் உண்மையல்ல. என்றைக்காவது திரை உறையும், அன்றைக்குக் காரணம் சொல்ல ஆள் இருக்காது. சோதனையை அணைத்துவிட்டால் செய்தி போய்விடும் என்று இணையத்தில் ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. செய்தி போகும், நோய் போகாது. இன்வோக் மூலம் திரையின் திரெட்டுக்கே வேலையை அனுப்புங்கள்.

ஒரு ஜன்னலோ பெட்டியோ ஃபோகஸை, அதாவது விசைப்பலகையின் கவனத்தை, இழக்கும்போது நடக்கும் நிகழ்வுக்குள் பிரேக்பாயின்ட் வைத்துப் பார்த்தவர்களுக்கு மற்றொரு தலைவலி தெரியும். நிரல் நின்றதும் டீபகர் ஜன்னல் முன்னே வருகிறது. அதனாலேயே செயலியின் ஃபோகஸ் போகிறது. தேடும் நிகழ்வைத் தேடுகிறவரே உண்டாக்கிக்கொண்டிருப்பார். பிரவுசரிலும் இதே கதைதான்: கீழே விரியும் பட்டியலை ஆராய டெவ்டூல்ஸைச் சொடுக்கினால் பட்டியல் மூடிக்கொள்ளும். பக்கம் ஃபோகஸில் இருப்பதாகவே பாவிக்கச் சொல்லும் தேர்வு டெவ்டூல்ஸில் உண்டு. பலர் கண்ணில் அது படுவதில்லை.

சர்வர் பக்கம் பிரேக்பாயின்ட் வைப்பதற்கு முன் யோசியுங்கள். ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோடில் ஒரு வரியில் நிறுத்தினால் அந்த ஒரு கோரிக்கை மட்டும் நிற்காது, வந்த அத்தனை பேரும் வரிசையில் நிற்பார்கள். முன்னால் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் இருந்தால் இயல்பாக 60 விநாடிதான் காத்திருக்கும், பிறகு 504 (நேரம் கடந்துவிட்டது) என்று கைவிரிக்கும். நடுவில் திறந்துவைத்த டேட்டாபேஸ் பரிவர்த்தனை பூட்டுகளைப் பிடித்துக்கொண்டே இருக்கும். உங்கள் கணினியில் தாராளமாகச் செய்யலாம். குழு முழுதும் பயன்படுத்தும் சோதனை சர்வரில் செய்தால் பக்கத்து மேசைக்காரர் வந்து நிற்பார்.

இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: டெவ்டூல்ஸில் லாக்பாயின்ட், விஷுவல் ஸ்டுடியோவில் டிரேஸ்பாயின்ட். நிரலைத் தொடாமல், நிறுத்தாமல், அந்த வரியைக் கடக்கும்போதெல்லாம் நாம் கேட்ட மதிப்பை அச்சிட்டுவிட்டுப் போகும். பிரின்ட்டின் காலவரிசையும் கிடைக்கும், மறந்துபோய் விட்டுவைத்த பிரின்ட் வாடிக்கையாளர் வரை போய்ச் சேரும் அபாயமும் இல்லை. இதை ஏன் இவ்வளவு குறைவான பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

இரண்டுமே ஏமாறும் இடம்

தமிழ் எழுத்துகளைக் கையாளும் செயலிகளில் இந்தப் பிழையை அடிக்கடி பார்க்கலாம். தேடல் பெட்டியில் ‘கொடி’ என்று தட்டினால், பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் ‘கொடி’ கிடைக்கவில்லை. இரண்டையும் பிரின்ட் செய்தால் கொடி, கொடி. டீபகரின் மாறிப் பலகத்தில் பார்த்தாலும் கொடி, கொடி. சமமா என்று கேட்டால் இல்லை என்கிறது. இங்கே பிரின்ட் கட்சியும் டீபகர் கட்சியும் ஒருசேரத் தோற்கின்றன. இரண்டுமே எழுத்தைக் காட்டுகின்றன, எழுத்துக்குள் இருக்கும் எண்களைக் காட்டுவதில்லை.

நீளத்தைக் கேட்டால்தான் திரை விலகும்: ஒன்று 4, மற்றது 5. ஒகரக் குறிக்கு, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 3018 என்று ஒரே எண் உண்டு. அதையே எகரக் குறி 3014, ஆகாரக் கால் 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும் என்பதால், அங்கிருந்து பதிவேற்றிய கோப்புப் பெயர்களில் இது சகஜம். சேமிக்கும்போதும் தேடும்போதும், பிரிந்ததைச் சேர்த்தே எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. ஔகாரத்தில் மட்டும் தீராது. ‘கௌரி’ என்பதை எகரக் குறியும் ளகரமும் சேர்த்து ‘கெளரி’ என்று தட்டியிருந்தால், யூனிகோடின் கண்ணில் அவை தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள். எந்த நார்மலைசேஷனும் (இப்படி ஒரே வடிவத்துக்கு மாற்றுவது) அவற்றை ஒன்றாக்காது. பெயர்ப் பட்டியல் வைத்திருப்பவர்கள் இதற்குத் தனியாக ஒரு விதி எழுதித்தான் ஆக வேண்டும்.

லாக் கோப்பு

பிழை உங்கள் கணினியில் வராது, வாடிக்கையாளர் கணினியில் மாதம் ஒருமுறை வரும் என்றால் போட்டியே இல்லை, நிரல் தான் செய்வதை எழுதிவைக்கும் லாக் மட்டும்தான். பிரின்ட்டின் படித்த அண்ணன் அது. குறை ஒன்றுதான்: என்ன கேட்கப் போகிறோம் என்பதைப் பிழை வரும் முன்பே ஊகித்து எழுதிவைத்திருக்க வேண்டும். கோரிக்கைக்கு ஓர் அடையாள எண், நேரம், பயனர் செய்த செயல், இவை இருந்தால் பாதிக் கதை கிடைக்கும். கடவுச்சொல்லையும் டோக்கனையும் எழுதாதீர்கள். எழுதுவதே ஆபத்தாகவும் முடியலாம். 2021 டிசம்பரில் ஜாவாவின் லாக்4ஜெ நூலகத்தில் அம்பலமான ஓட்டை நினைவிருக்கும்: வெளியாள் அனுப்பிய ஒரு சொற்றொடரை லாக் செய்ததே அவரது நிரலை நம் சர்வரில் ஓட்டப் போதுமானதாக இருந்தது. ஜாவாக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஜாவா 15 முதல் நல்பாயின்டர் விதிவிலக்கு எந்த மாறி வெறுமையாக இருந்தது என்பதையும் இயல்பாகவே சொல்கிறது (14-ல் அதற்கென ஒரு தேர்வை இயக்க வேண்டும்). பழைய பதிப்பிலேயே தங்கியிருப்பவர்கள் லாகைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

கிட் பைசெக்ட்

‘போன வாரம் சரியாக இருந்தது’ என்ற வாக்கியம் காதில் விழுந்தால் நான் மற்ற மூன்றையும் மூடிவிடுவேன். சரியாக இருந்த கமிட் (பதிந்துவைத்த ஒரு மாற்றம்) ஒன்று, கெட்டுப்போன கமிட் ஒன்று, இரண்டையும் நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிடம் சொன்னால் நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லும். ஆயிரம் கமிட் இருந்தாலும் ஏறத்தாழ பத்துச் சோதனையில் குற்றவாளி அகப்படும். சோதனையை ஒரு ஸ்கிரிப்டாக எழுதிக் கொடுத்தால் ஆள் உட்கார்ந்திருக்கக்கூட வேண்டாம். நிரலைப் புரிந்துகொள்ளாமலேயே பிழையைக் கண்டுபிடிக்கும் வழி இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான்.

நடைமுறையில் இடறுவது வேறு காரணங்களால். மூன்று வார வேலையை ஒரே கமிட்டாகச் சுருட்டி வைக்கும் குழுவில், குற்றவாளி என்று கிட் நீட்டுவது நாலாயிரம் வரியாக இருக்கும். பழைய கமிட்டுக்குப் போனால் டேட்டாபேஸ் அட்டவணை ஒத்துப்போகாது; சில கமிட்டுகள் கம்பைலே ஆகாது. அவற்றைத் தாண்டிப்போக ஸ்கிரிப்ட் தன் முடிவு எண்ணாக 125-ஐத் திருப்பியனுப்ப வேண்டும். மாற்றம் நிரலுக்குள் நடக்கவே இல்லையென்றால் பைசெக்ட் வெறுங்கையோடுதான் திரும்பும். ஆகவே தொடங்கும் முன் அந்தப் பழைய, ‘சரியாக இருந்த’ கமிட்டை இன்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதுவும் இன்று தவறுகிறதென்றால் நிரலை விட்டுவிட்டு, சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா, வெளியார் ஏபிஐயின் விடை வடிவம் மாறிவிட்டதா, யாராவது சர்வரின் நேர மண்டலத்தை மாற்றினார்களா என்று விசாரிக்கத் தொடங்கலாம்.