மூவர்ண மல்டி ஷாட்: பெட்டியில் உள்ள பச்சை வானத்தில் வருமா?

சிவகாசி விலைப்பட்டியல்களில் ‘ட்ரை கலர்’ என்ற பெயரில் இரண்டு வகை உண்டு. ஒன்று தரையில் நின்று நிறம் மாறிப் பொங்கும் பூச்சட்டி. மற்றது மேலே போய் விரியும் மல்டி ஷாட். 30, 60, 120 என்று ஷாட் கணக்கில் பெட்டி வரும். தீபாவளிக்கு வாங்கியதில் மிச்சம் பிடித்து, சுதந்திர தினத்துக்கோ இந்தியா கிரிக்கெட்டில் ஜெயிக்கும் இரவுக்கோ கொளுத்துகிறவர்களும் உண்டு. இது ஒரு கம்பெனியைப் பற்றிய விமர்சனம் அல்ல, இந்த ரகத்தைப் பற்றியது.

காசு கொடுப்பதே நிறத்துக்குத்தான் என்பதால் முதலில் அது. காவி நிறத்தைக் கொண்டுவர, சிவப்பு தரும் ஸ்ட்ரான்ஷியத்தையும் மஞ்சள் தரும் சோடியத்தையும் அளவாகச் சேர்க்க வேண்டும். சோடியம் கொஞ்சம் கூடினாலும் மஞ்சள் மற்றதை விழுங்கிவிடும். காவி என்று வாங்கியது பொன்னிறமாக எரிவது இதனால்தான். வெள்ளையில் சிக்கல் குறைவு. அலுமினியம், மக்னீசியம், டைட்டானியம் எதுவானாலும் பளிச்சென்று வரும்.

மாட்டிக்கொள்வது பச்சையில். வாணவேடிக்கையில் அடர்த்தியான பச்சை என்றால் பேரியம்தான். பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் தடை போட்டது. அதை மீண்டும் பயன்படுத்த அனுமதி கேட்ட உற்பத்தியாளர்களின் கோரிக்கையும் 2023 செப்டம்பரில் ஏற்கப்படவில்லை. செம்பு, போரான் சார்ந்த கலவைகளால் பச்சை வரும், ஆனால் வெளிறி வரும். ஆகவே மூன்றாவது நிறம் மங்கலாகத் தெரிந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். சட்டத்தை மதித்துச் செய்த சரக்கின் நிறம் அப்படித்தான் இருக்கும். மரகதம் போல ஜொலித்தால்தான் சந்தேகம் வர வேண்டும். இருந்தாலும் கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது, பரிசோதனைக் கூடம்தான் உறுதி சொல்லும். கொடி நடுவில் உள்ள அசோகச் சக்கரத்தின் கருநீலத்தை எதிர்பார்க்கவே வேண்டாம். நீலம் தரும் செம்புச் சேர்மம் சூடு மிஞ்சினால் சிதைந்துவிடும், கருநீலமோ இரவு வானத்தில் எடுபடாது.

கொடியைப் போல மூன்று நிறமும் அடுக்காக நிற்கும் என்று பெட்டிப் படத்தை நம்பினாலும் ஏமாற்றம்தான். உட்திரி ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்குப் பற்றிக்கொண்டே போவதால் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும்.

வாங்கும்போது பெட்டியின் அடிப்பாகத்தை அமுக்கிப் பாருங்கள். அட்டை நமுத்திருந்தால் வேண்டாம். ஈரம் ஏறிய உட்திரி பாதியில் நின்றுபோகும். மருந்து வலுவிழந்தால் ஷாட் உயரம் போகாமல் தலைக்கு மேலேயே விரியும். தயாரித்த ஆலையின் பெயர், உற்பத்தி மாதம், பசுமைப் பட்டாசு முத்திரை இவற்றைப் பாருங்கள். முத்திரையையும் போலியாக அச்சடிக்கலாம் என்பதால் உரிமம் உள்ள கடையில், பில் போட்டு வாங்குவதே நல்லது. 80 சதவீதத் தள்ளுபடியை வைத்து எதையும் ஒப்பிடாதீர்கள், அச்சிட்ட விலையே அதற்காக ஏற்றியதுதான்.

மல்டி ஷாட்டில் பெரிய ஆபத்து பெட்டி சாய்வது. ஒவ்வொரு ஷாட்டும் பெட்டியைக் கீழே உதைக்கிறது. மருந்து தீரத் தீரப் பெட்டியின் எடை குறைவதால், கடைசி ஷாட்டுகளில் அது எளிதில் கவிழலாம். சமதளமான கெட்டித் தரையில் வைத்து, நாலு பக்கமும் செங்கல்லை நெருக்கி அண்டக் கொடுங்கள். மணலில் வைப்பதானால் பாதி உயரம் வரை புதையுங்கள். மேலே மின்கம்பி, மரக்கிளை, பக்கத்தில் கூரை வீடு, வைக்கோல் போர் எதுவும் கூடாது. நீளமான ஊதுபத்தியால் பக்கவாட்டில் நின்று பற்றவைத்து உடனே விலகுங்கள். குழாய்க்கு மேலே முகத்தைக் கொண்டுபோகவே கூடாது. பாதியில் நின்றால் மறுபடி பற்றவைக்காதீர்கள். கால் மணி நேரமாவது விட்டு, தள்ளி நின்று தண்ணீர் ஊற்றி நன்றாக ஊறவிடுங்கள். தமிழ்நாட்டில் தீபாவளிக்கு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8.

இனி அந்தப் பெட்டி. காவி, வெள்ளை, பச்சைப் பட்டைகள் மட்டும் போட்டிருந்தால் பரவாயில்லை. சக்கரத்தோடு கொடியையே அச்சடித்து, பக்கத்தில் ராணுவ வீரரையும் ஏவுகணையையும் போட்டு விற்பது தவறு. தேசியக் கொடியை வணிகத்துக்குப் பயன்படுத்த 1950ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டமே தடை விதிக்கிறது. அதைவிட வருத்தம், அந்தக் கொடி கரிந்து ஓட்டையாகி மறுநாள் தெருக் குப்பையில் கிடப்பது. மூன்று நிறமும் அடுத்தடுத்து விரியும்போது பிள்ளைகள் போடும் சத்தம் உண்மையான சந்தோஷம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொடிப் படத்தைக் காட்டிக் கூடுதல் விலை வாங்கும் பெட்டியில், அதைச் செய்தவர்களின் பாதுகாப்பைப் பற்றி ஒரு வரி கிடையாது. நிறம் தருவது மணி மருந்து, அதாவது சிறு உருண்டைகளாகச் செய்த வெடிமருந்துக் கலவை. அதைக் குழாயில் செலுத்தும்போது ஏற்படும் உராய்வு விருதுநகர் மாவட்ட ஆலைகளில் எத்தனையோ உயிர்களை எடுத்திருக்கிறது. நாட்டுப்பற்றைப் பெட்டியில் அச்சடிப்பவர்கள் முதலில் அதைச் செலுத்தும் அறைகளில் ஆள் எண்ணிக்கையையும் மருந்தின் அளவையும் விதிப்படி வைக்கட்டும்.

மூவர்ணம்தான் வேண்டும் என்றால் என் தேர்வு பூச்சட்டி. நிறம் கண்மட்டத்தில் நிதானமாகத் தெரியும், வெடிச்சத்தம் இல்லை, கவிழ்ந்து ஆள்மேல் பாயும் பயமும் குறைவு. மல்டி ஷாட்தான் வேண்டும் என்பவர்கள் 30 ஷாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். 120 ஷாட்டில் வருவதும் அதே மூன்று நிறம்தான். எதை வாங்கினாலும் கொடி அச்சிட்ட பெட்டியைத் தவிர்த்து, அதற்கான காரணத்தைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.