பார்சிலோனாவில் கடைசி நாள்: பெட்டியோடு தெருவில் இறங்குமுன் படித்துவிடுங்கள்

காலையில் ஓட்டல் அறையைக் காலி செய்துவிட்டு, ராத்திரி விமானம் வரை ஊரைச் சுற்றலாம் என்று கிளம்புகிறவர்கள்தான் பார்சிலோனாவின் ஜேப்படிக்காரர்களுக்கு நல்ல வேட்டை. பாஸ்போர்ட், மிச்சப் பணம், கேமரா எல்லாம் அன்றைக்கு உங்கள் மேலேயே இருக்கும். பறிபோனாலும் போலீசில் காத்திருந்து புகார் எழுதித் தர நேரம் இருக்காது. ஸ்பெயின் சட்டத்தில், அடிதடி இல்லாமல் 400 யூரோவுக்குள் திருடினால் அது சிறு குற்றம்; பெரும்பாலும் அபராதத்தோடு முடிந்துவிடும். பிடிபட்ட ஆள் மறுபடியும் அதே மெட்ரோவில் ஏறுவது இதனால்தான்.

முதல் வேலையாகப் பெட்டியை எங்காவது வைத்துவிடுங்கள். தங்கிய ஓட்டலிலேயே கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சும்மாவே வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் சாண்ட்ஸ் ரயில் நிலையத்திலும் நோர்ட் பேருந்து நிலையத்திலும் பெட்டி வைக்க இடம் உண்டு. அது எத்தனை மணிக்கு மூடும் என்று பார்த்துவிட்டு வையுங்கள். சக்ரதா ஃபமீலியா தேவாலயத்துக்குள் சூட்கேஸ் எடுத்துப்போக விட மாட்டார்கள், வாசலில் யாரிடமும் கொடுத்துவிட்டும் போக முடியாது. அங்கே டிக்கெட்டும் ஆன்லைனில்தான், நேரம் குறித்துத்தான். வாசலில் "வரிசை வேண்டாம், நான் உள்ளே விடுகிறேன்" என்பவரிடம் ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள். பார்க் குவேல் பூங்காவுக்கும் நேரக் கணக்கு உண்டு. டிக்கெட்டில் போட்ட நேரத்திலிருந்து அரை மணிக்குள் நுழைய வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறுவது 'கறை' வித்தையில். முதுகுப் பையிலோ தோளிலோ திடீரென்று ஈரம் படும், பச்சையும் பழுப்புமாக, நாற்றத்தோடு. திரும்பினால் கண்ணியமாக உடுத்திய ஒருவர் மரத்தைக் காட்டி "பறவை எச்சம்" என்பார். கையில் டிஷ்யூ தயாராக இருக்கும், சில சமயம் தண்ணீர் பாட்டிலும். துடைப்பதற்கு வசதியாகப் பையைக் கழற்றி வைக்கச் சொல்வார். நீங்கள் சட்டையைக் குனிந்து பார்க்கும் சில நொடிகளில் கூட்டாளி பையோடு போய்விடுவான். கறை பட்டால் நிற்காதீர்கள், எவரையும் தொட விடாதீர்கள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக ஒரு கடைக்குள் போய்த் துடைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோவில் மூன்றாம் தடத்து லிசேயு, கத்தலுன்யா நிலையங்களில் ஏறும்போது முன்னால் போகிறவர் கதவருகே திடீரென்று நின்றால், பின்னால் நெருக்குகிறவரின் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விமான நிலைய ரயிலில் பெட்டியைக் கதவோரம் விடவே கூடாது. கதவு மூடும் கடைசி நொடியில் இழுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். சாதாரண உடையில் வந்து "போலீஸ், பர்ஸைக் காட்டு" என்பவர் போலீஸ் இல்லை. சந்தேகமாக இருந்தால் அங்கேயே நின்று அவசர எண் 112-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்து சாப்பாடு. லா ராம்ப்லா தெருவில் பயேயா என்ற அரிசி உணவின் படம் போட்ட பலகை வைத்து, ஆளை நிறுத்தி அழைக்கிற கடைகளைத் தாண்டிப் போய்விடுவதே நல்லது. உட்கார்ந்துவிட்டீர்களா, மெனுவில் விலைக்குப் பதில் 'எஸ்/எம்' என்று இருக்கிறதா பாருங்கள். அன்றைய சந்தை விலை என்று அர்த்தம். மீன், இறாலுக்கு 100 கிராம் விலை மட்டும் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 100 கிராம் 9 யூரோ என்றால் 1.2 கிலோ மீனுக்கு 108 யூரோ. தட்டில் பச்சை மீனைக் கொண்டுவந்து காட்டும்போது தலையாட்டிவிட்டால் ஆர்டர் ஆகிவிட்டது. அந்த நிமிடமே எடை போடச் சொல்லி, மொத்த விலையைத் தாளில் எழுதி வாங்குங்கள். கேட்காமல் வரும் ரொட்டி, ஆலிவ் எல்லாவற்றுக்கும் காசு உண்டா என்று கேட்டு, வேண்டாமென்றால் உடனே திருப்பி அனுப்புங்கள். வெளி மேசைக்குத் தனிக் கட்டணம் வாங்குவதானால் அது மெனுவில் எழுதியிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2022-ன் 7-ம் எண் சட்டம். "அகுவா தெல் கிரிஃபோ" என்று கேளுங்கள்.

பில்லில் தகராறு வந்தால் சத்தம் போடாமல் "ஓஹா தெ ரெக்லமசியோனெஸ்" கேளுங்கள். அது அரசுப் புகார்ப் படிவம். எல்லாக் கடையிலும் வைத்திருக்க வேண்டும், கேட்டால் மறுக்கக் கூடாது. இந்தச் சொல் வந்ததும் பாதிக் கடைக்காரர்கள் பில்லைத் திருத்திவிடுவார்கள். கார்டு மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயை அழுத்தினால் மோசமான மாற்று விகிதம் உங்கள் தலையில் விழும்.

விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது ஒரு சிக்கல் உண்டு. ஊருக்குள் பயன்பட்ட பத்துப் பயண டி-கசுவல் அட்டை விமான நிலைய மெட்ரோவில் செல்லாது, வெளியேறும் கேட் திறக்காது. ஆனால் அதே அட்டை ஆர்2 நோர்ட் ரயிலில் செல்லும். அந்த ரயில் டெர்மினல் 2 வரைதான் போகும், டெர்மினல் 1-க்கு அங்கிருந்து இலவசப் பேருந்து. டிக்கெட் மெஷினில் பட்டன் அழுத்தி 'உதவ' வருகிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கார்டின் ரகசிய எண்ணைப் பார்க்கத்தான் நிற்பார்கள்.

கடையில் வாங்கிய பொருளுக்கு வரி திரும்ப வேண்டுமென்றால் சாதாரண ரசீது போதாது, 'திவா' படிவம் தரச் சொல்லி வாங்கியிருக்க வேண்டும். லக்கேஜ் போடும் முன்பே விமான நிலையத்தின் திவா இயந்திரத்தில் அதை ஸ்கேன் செய்யுங்கள். ஒப்புதல் வராவிட்டால் சுங்க அலுவலர் பொருளைக் காட்டச் சொல்வார். பெட்டி அதற்குள் பெல்ட்டில் போயிருந்தால் காட்ட எதுவும் இருக்காது.